பென்னிகுவிக் சொத்தை விற்றதை யார் பார்த்தது?

அக்கா மகள் மேலூரிலிருந்து போன் பண்ணினாள். எம்.ஏ. வரலாறு கடைசி செமஸ்டர், ப்ராஜெக்ட் நேரம். "மாமா, பதினஞ்சு சோர்ஸ் வேணும்னு கைடு சொல்லிட்டாங்க, அதுல இன்டர்நெட் அஞ்சுக்கு மேல போகக்கூடாதாம், நான் வச்சிருக்கிறது பதினஞ்சுமே இன்டர்நெட்தான், இப்ப என்ன பண்றது?" என்று ஒரே மூச்சில் கொட்டினாள். தலைப்பு, பெரியாறு பாசனமும் மேலூர் வட்டார விவசாயமும். நல்ல தலைப்புதான். பேரணையில் தொடங்கி கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம், எங்கள் ஊர் அந்தக் கீழே. புரட்டாசி பிறந்தும் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேச மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரிக்குப் பதினைந்து ஆதாரம் கிடைக்காதா என்ன.

எழுதியவரைக்கும் அனுப்பு என்றேன். முதல் அத்தியாயத்தின் முதல் பத்தியே இப்படி இருந்தது: ஆங்கில அரசு பணம் தர மறுத்ததும் கர்னல் பென்னிகுவிக் இங்கிலாந்துக்குப் போய்த் தன் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று வந்து முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தார்.

"இதை யாரு பாப்பா சொன்னது?"

"எல்லாரும் சொல்றதுதானே மாமா. அம்மாச்சி கூடச் சொல்லும்."

அம்மாச்சி என்றால் எங்கள் அம்மா. சொல்வார்தான். எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் காலண்டரில் இருந்து வெட்டி எடுத்த பென்னிகுவிக் படம் ஒன்று இன்னும் இருக்கிறது.

அவளைப் பார்த்து நான் சிரிக்க முடியாது, ஏனென்றால் நானும் இதே குழியில் விழுந்தவன். பல வருடம் முன்னால் என்னுடைய வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் ஆய்வேட்டை நடுவில் பிரித்தார். திருமலை நாயக்கர் மகாலில் இன்று எஞ்சியிருப்பது நான்கில் ஒரு பங்குதான் என்று எழுதியிருந்தேன். மதுரையில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அளந்தது யார் தம்பி?" என்றார். புத்தகத்தில் இருக்கிறது சார் என்றேன். அந்தப் புத்தகக்காரர் அளந்தாரா என்றார். அவர் இன்னொரு புத்தகத்தில் இருந்து எடுத்திருக்கிறார் சார் என்றேன், சொல்லும்போதே எனக்கு வேர்த்துவிட்டது. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்தைத் திருப்பிவிட்டார். திட்டியிருந்தால் கூட மறந்திருப்பேன். நான் எழுதியது தப்பு என்று அவர் சொல்லவில்லை, அது தப்பாக இல்லாமலும் இருக்கலாம், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது, அதுதான் விஷயம்.

சனிக்கிழமை அவளை மாட்டுத்தாவணியில் பைக்கில் ஏற்றிக்கொண்டு புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனேன். 2023 ஜூலை 15ல் திறந்தார்கள், காமராசர் பிறந்த நாள் அன்று. ஏசி இருக்கிறது, மேசை இருக்கிறது, போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, குரூப் 4 எழுதுகிறவர்களுக்கு இல்லாத நூலகம் யாருக்கு. ஆனால் அவர்களில் நிறையப் பேர் கொண்டுவந்த கைடு புத்தகத்தைத்தான் படிக்கிறார்கள், அலமாரிப் பக்கம் போனால் அங்கே நாம் மட்டும்தான், அது ஒரு வசதி.

வண்டியை நிறுத்தும்போதே அவளிடம் அந்த இடத்தின் கதையைச் சொன்னேன். 2021ல் நூலகத்துக்கு இடம் பார்த்தபோது ஒரு சர்ச்சை கிளம்பியது. அங்கே இருந்த பழைய பொதுப்பணித் துறைக் கட்டடம் பென்னிகுவிக் குடியிருந்த வீடு, அதை இடிக்கலாமா என்று கேட்டார்கள். பெரிய கோபம், அறிக்கைகள், டிவி விவாதம் எல்லாம். அரசு பழைய ஆவணங்களை எடுத்துப் பார்த்துச் சொன்ன பதில், பென்னிகுவிக் 1911 மார்ச்சில் இறந்துவிட்டார், கட்டடம் அதற்குப் பிறகுதான் எழும்பியது என்பது. அவள் கொஞ்ச நேரம் அந்தப் பெரிய கட்டடத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். "அப்ப ரெண்டே ரெண்டு தேதியப் பார்த்திருந்தா போதுமா மாமா?" என்றாள். போதும். ஆனால் அந்த இரண்டு தேதியும் இரண்டு வேறு வேறு இடத்தில் இருந்தன, அதுதான் ஆராய்ச்சி என்கிறது.

உள்ளே போனதும் கணினியில் உட்கார்ந்து பென்னிகுவிக் என்று அடித்தாள். வந்ததெல்லாம் வாழ்க்கை வரலாறுகள், பெரும்பாலும் சமீபத்தில் வந்தவை, புகழ்ந்து எழுதியவை. இரண்டைப் புரட்டிப் பார்த்தோம், சொத்தை விற்ற கதை இரண்டிலும் இருந்தது, அடிக்குறிப்பு இரண்டிலும் இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பிள்ளைகள் "ரெண்டு புத்தகம் கிடைச்சிருச்சு, இன்டர்நெட் இல்ல" என்று பெயரை எழுதிக்கொண்டு கேன்டீனுக்குப் போய்விடுகிறார்கள். அச்சில் இருப்பதாலேயே ஒன்று ஆதாரம் ஆகிவிடாது. இணையத்தில் இருந்து எடுத்துத் தொகுத்து அடித்த புத்தகங்கள் இப்போது எவ்வளவு வருகின்றன என்று புத்தகக் கண்காட்சிக்குப் போய்ப் பாருங்கள்.

நூலகர் மேசையில் ஒரு அம்மா இருந்தார். இவள் போய், "மேடம், பெரியாறு டேம் புக்ஸ் எங்க இருக்கு?" என்று கேட்டாள். அவர் எழுந்து கை காட்டியிருக்கலாம். காட்டாமல், "உனக்கு என்ன தெரியணும்மா?" என்று கேட்டார். இவள் தடுமாறிவிட்டாள். அணைக்குப் பணம் யார் கொடுத்தார்கள், எங்கள் ஊருக்கு எந்த வருஷம் தண்ணீர் வந்தது, அதற்கு முன்னால் அங்கே என்ன விதைத்தார்கள் என்று மெல்ல மெல்ல வந்தது. "இத முதல்லயே சொல்ல வேண்டியதுதானே" என்று அவர் ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931லேயே ஐந்து விதி எழுதிவைத்துவிட்டுப் போனார், அதில் நாலாவது வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. இந்த அம்மாவைப் போல நாலு பேர் இருப்பதால்தான் அந்த விதி இன்னும் உயிரோடு இருக்கிறது. நம் பிள்ளைகள் நூலகரிடம் பேசவே கூச்சப்படுகிறார்கள், புத்தகத்தின் பெயர் தெரியாமல் போனால் திட்டுவார்கள் என்று நினைக்கிறார்கள். பெயர் தெரிய வேண்டியதில்லை. கேள்வி தெரிந்தால் போதும்.

அந்தத் தாளில் முதல் வரி, ஆங்கிலத்தில் தேடும்போது மதுரை என்று தேடாதே, மதுரா என்று தேடு. சாதாரண விஷயம், ஆனால் எனக்கே அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் மதுரை மதுராதான், திருநெல்வேலி டின்னவேலி, தஞ்சாவூர் டாஞ்சூர். அப்படித் தேடியதும் நெல்சன் 1868ல் எழுதிய மதுரை மாவட்டக் கையேடு வந்தது, பிரான்சிஸ் 1906ல் எழுதிய கெசட்டியர், அதாவது சர்க்காரின் மாவட்ட விவரத் தொகுப்பு, வந்தது. இரண்டாவது வரி, மெக்கன்சி. ஏ.டி. மெக்கன்சி பெரியாறு அணை வேலையிலேயே இருந்த பொறியாளர், திட்டத்தின் வரலாற்றை எழுதி 1899ல் சென்னை அரசு அச்சகத்தில் வெளியிட்டார். அணை முடிந்தது 1895ல், நாலே வருஷத்தில் புத்தகம். நடந்தபோது அங்கே நின்ற ஆள். இவரைப் பற்றி இவளுடைய இணையப் பக்கங்களில் ஒன்றில்கூட ஒரு வார்த்தை இல்லை. ஸ்கேன் செய்த பிரதி கிடைத்தது.

சாயங்காலம் வரைக்கும் இரண்டு பேரும் அதைத்தான் படித்தோம். பென்னிகுவிக் பிறப்பதற்கு வெகு முன்பே, 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே, ராமநாதபுரம் சமஸ்தானத்து மந்திரி முத்திருளப்ப பிள்ளை, இந்த ஆற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று பார்த்துவர மலைக்குப் பன்னிரண்டு பேரை அனுப்பியிருக்கிறார். முடியும், ஆனால் காசு இல்லை என்று விட்டுவிட்டார்கள். பிறகு 1808ல் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர் போய்ப் பார்த்து இது நடக்காத கனவு என்று எழுதிக் கொடுத்துவிட்டார் (திருநெல்வேலி பிஷப் இல்லை, அவர் வேறு கால்டுவெல், இவள் அதையும் கேட்டாள்). 1876ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் செத்து விழுந்த பிறகுதான் சர்க்கார் மறுபடி கையில் எடுத்தது. 1886ல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை. சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் பொடியும் வைத்துக் கட்டிய சுவர், வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போவதும் திரும்பக் கட்டுவதும், காய்ச்சலில் சாகிற கூலி ஆட்களும்.

சொத்தை விற்றது? நகையை விற்றது? என் கண்ணிலும் படவில்லை, அவள் கண்ணிலும் படவில்லை.

பிறகு திரும்பி அந்த இணையப் பக்கங்களுக்குப் போனோம், அவள் போனிலேயே. ஒரு தளம் இன்னொரு தளத்தைப் பார்த்து எழுதியிருக்கிறது, அது ஒரு வார இதழ்க் கட்டுரையைப் பார்த்து, அந்தக் கட்டுரையில் "சொத்துகளை விற்றதாகக் கூறப்படுகிறது" என்று இருக்கிறது. அங்கே கயிறு அறுந்துவிட்டது. கூறப்படுகிறது, நம்பப்படுகிறது, சொல்லப்படுகிறது. தமிழில் எழுவாயைக் காணாமல் போக்குவதற்கு இவற்றை விட்டால் வேறு நல்ல வழி கிடையாது. யார் கூறினார், யார் நம்பினார்? அவளிடம் ஒரு சிவப்புப் பேனாவைக் கொடுத்து, உன் முதல் அத்தியாயத்தில் இந்த மூன்று வார்த்தை எங்கெங்கே வருகிறதோ சுழித்துக்கொண்டே வா என்றேன். பதினொன்று வந்தது. அதில் நான்கு அவளே சேர்த்தது, எழுத்துநடைக்காக.

இன்னொன்று. அணையின் உயரம் என்று மூன்று இடத்தில் மூன்று எண் எழுதியிருந்தாள், 152 அடி, 155 அடி, 176 அடி. எது சரி மாமா என்றாள். மூன்றும் சரிதான், அதுதான் கொடுமை. 152 என்பது முழுக் கொள்ளளவின் நீர்மட்டம், 155 என்பது ஆற்றுப் படுகையில் இருந்து சுவரின் உயரம், 176 என்பது அஸ்திவாரத்தின் அடியில் இருந்து. இதோடு 2014ல் உச்ச நீதிமன்றம் தேக்கிக்கொள்ளச் சொன்ன 142ஐயும் சேர்த்து எவரோ ஒரு யூடியூப்காரர் "உயரத்தையே குறைத்துவிட்டார்கள்" என்று பேசியிருக்கிறார், அதையும் இவள் எடுத்து வைத்திருந்தாள். எண் கிடைத்தால் போதாது, எதில் இருந்து எது வரைக்கும் அளந்தது என்பதும் கூடவே வர வேண்டும்.

அப்புறம் ஏ.ஐ. இதைச் சொல்லாமல் விடக்கூடாது. பதினைந்தில் இரண்டு புத்தகம் ஏ.ஐ. கொடுத்தது என்று மெதுவாக ஒத்துக்கொண்டாள். ஆசிரியர் பெயர், பதிப்பகம், வருஷம், பக்க எண் வரைக்கும் எல்லாம் இருந்தது, பார்த்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நூலகப் பட்டியலில் தேடினோம், இல்லை. வெளியூர் நூலகங்களின் பட்டியல்களையும் இணையத்தில் பார்த்தோம், இல்லை. அப்படி ஒரு புத்தகமே கிடையாது. இல்லாத புத்தகத்தின் 214ஆம் பக்கத்தை இவள் மேற்கோள் காட்டியிருந்தாள். நல்லவேளை கைடு கண்ணில் படவில்லை. கருவியை வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் பயன்படுத்துகிறேன், ஆனால் அது கொடுக்கிற ஒவ்வொரு புத்தகப் பெயரையும் ஏதாவது ஒரு நூலகப் பட்டியலில் கண்ணால் பார்க்காமல் தாளில் எழுதக்கூடாது.

ஆய்விதழ் என்று அவள் சேர்த்திருந்த மூன்று கட்டுரைகளும் காசு கட்டினால் ஒரே வாரத்தில் போடுகிற ரகம். ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறதே மாமா என்றாள். அந்த எண் இதழுக்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான், உள்ளே இருப்பது உண்மை என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. முன்பு நம்பத்தக்க இதழ்களுக்கு யூஜிசி கேர் என்று ஒரு பட்டியல் இருந்தது, அதைப் பார்த்துத் தப்பித்துக்கொள்ளலாம், 2025ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். இனிமேல் நாமேதான் பார்க்க வேண்டும்.

ஷோத்கங்காவை அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாகக் கேள்விப்பட்டாள் என்றால் நம்புவீர்களா? இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் அதில் கிடக்கின்றன, இலவசம். ஆனால் ஆய்வேட்டைப் படிக்கிற முறை வேறு. நான் கடைசிப் பக்கத்தில் இருந்துதான் தொடங்குவேன், அதாவது அந்த ஆள் எதையெல்லாம் பார்த்தார் என்ற பட்டியலில் இருந்து. நமக்கு முன்னால் ஒருத்தர் நாலு வருஷம் அலைந்திருக்கிறார், எந்தெந்தக் கதவைத் தட்டினார் என்று எழுதியும் வைத்திருக்கிறார். இவள் தலைப்புக்குப் பக்கத்தில் ஒன்று சிக்கியது. அதன் பட்டியலில் எழும்பூர் ஆவணக் காப்பகத்துப் பொதுப்பணித் துறைக் கோப்புகள் வரிசையாக இருந்தன. எம்.ஏ. ப்ராஜெக்டுக்கு எழும்பூர் வரைக்கும் போக வேண்டியதில்லை. ஆனால் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், பணம் யார் கொடுத்தது என்ற கேள்விக்கு வரவு செலவுக் கணக்கு அங்கேதான் தூங்கிக்கொண்டிருக்கும்.

அலமாரியில் ஒரு புத்தகத்தை எடுக்கும்போது அதன் இடதும் வலதும் இருப்பதையும் பார்க்கச் சொன்னேன். கூகுளில் பக்கத்து வீடு கிடையாது. இங்கே கெசட்டியருக்குப் பக்கத்தில் அவளுக்கு மதுரை மாவட்டக் கண்மாய்களைப் பற்றி ஒன்று அகப்பட்டது, தேடாமலே.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்: வெள்ளைக்காரன் எழுதினது ஆதாரம், ஊரில் சொல்வது கட்டுக்கதை. டீக்கடையில் வைத்து இதை அவள் சொன்னதும் எனக்குத் திக்கென்றது. ஒரு குழியில் இருந்து தூக்கி இன்னொன்றில் போட்டுவிட்டேன் போலிருக்கிறது.

பெருங்காமநல்லூர் தெரியுமா என்றேன். உசிலம்பட்டிப் பக்கம். 1920 ஏப்ரல் 3. ரேகைச் சட்டத்துக்குக் (குற்றப் பரம்பரைச் சட்டத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) கைநாட்டு வைக்க மாட்டோம் என்று நின்ற கள்ளர் ஜனங்கள்மீது போலீஸ் சுட்டது, மாயக்காள் என்ற பெண்ணோடு சேர்த்து 16 பேர் செத்தார்கள். சர்க்கார் எழுதிய காகிதத்தை மட்டும் படித்தால் அது அடங்காத கூட்டத்தை அடக்கிய கதை. கெசட்டியரில் கள்ளர்களைப் பற்றி எழுதியிருப்பதையும் படித்துப் பார், ஒரு சாதியையே திருடர்கள் என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த பாராவில் நெல் சாகுபடிக்குப் போயிருப்பார்கள். அந்த ஊர் ஜனங்கள் வாய்வழியாகக் காப்பாற்றி வைக்காமல் இருந்திருந்தால் அந்தப் பதினாறு பேரும் யார் என்று நமக்கு யார் சொல்வது? மெக்கன்சி அங்கே நின்றவர்தான். ஆனால் எந்தப் பக்கம் நின்றார், யாரிடம் சம்பளம் வாங்கினார், கூலி ஆட்களின் பெயர் ஒன்றாவது அவர் எழுதினாரா என்பதையும் கேட்கத்தான் வேண்டும். அவர் எழுதாததாலேயே சொத்தை விற்றது நடக்கவில்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது. ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதலாம். அதற்கு மேல் ஒரு அடி வைத்தாலும் நீயும் யூடியூப்காரர் ஆகிவிடுவாய்.

"அப்ப அம்மாச்சி சொன்னத என்ன பண்றது?" என்றாள்.

அடுத்த ஞாயிறு ஊருக்குப் போனோம். அவள் போனில் ரெக்கார்டரைப் போட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, முன்பே ஒரு தாளில் எழுதி வந்த கேள்விகளைக் கேட்டாள். எங்கள் அம்மா முதலில் ரொம்ப மரியாதையாக, வானொலியில் பேசுகிற மாதிரி பேசினார், பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. பென்னிகுவிக் துரை பொண்டாட்டி தாலியைக் கழற்றிக் கொடுத்த மாதிரி நகையைக் கழற்றிக் கொடுத்தாள் என்றார். யார் சொன்னது என்றதற்கு, என் மாமியார் சொன்னது என்றார். மாமியாருக்கு? "அது அவுககிட்டத்தான் கேக்கணும்" என்று சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு, வாய்க்கால் தண்ணீர் வருவதற்கு முன்னால் மேட்டில் வரகும் குதிரைவாலியும்தான், நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் என்று தன் மாமியாரின் மாமியார் சொன்னதாக ஒரு அரை மணி நேரம் சொன்னார் பாருங்கள், அது நெல்சனிலும் இல்லை, மெக்கன்சியிலும் இல்லை.

முதல் பத்தியை அவள் மாற்றி எழுதி நேற்று அனுப்பினாள். பென்னிகுவிக் தன் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்று மேலூர் வட்டார மக்கள் இன்றும் சொல்கிறார்கள். அணைப் பணியில் இருந்த பொறியாளர் மெக்கன்சியின் 1899ஆம் ஆண்டு நூலில் இதற்கான குறிப்பை இந்த ஆய்வாளரால் காண இயலவில்லை. முதல் பாதிக்கு ஒரு அடிக்குறிப்பு, அதில் நேர்காணல் என்று போட்டு அம்மாவின் பெயர், வயது, ஊர், தேதி.

அம்மாவிடம் போனில் படித்துக் காட்டினேன். மெக்கன்சி விஷயத்தை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "என் பேரை இனிஷியலோடயா போட்டிருக்கா?" என்றார்.